இரண்டு கடலுக்கு நடுவே ஒரு நாள்: திருகோணமலையை நடந்து சுற்ற ஒரு வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகிற பலர் ஊரைப் பார்ப்பதே இல்லை. வேன் பிடித்து வந்து கோணேசர் கோயிலடியில் இறங்குவார்கள், கும்பிடுவார்கள், மலை உச்சியில் நின்று படம் எடுப்பார்கள், அரை மணித்தியாலத்தில் நிலாவெளிக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள். நிலாவெளிக் கடல் நல்ல கடல்தான். ஆனால் அதற்காக ஊரை விட்டுவிடத் தேவையில்லை.

இங்கே பார்க்க வேண்டியது நிலம் அமைந்திருக்கிற விதம். ஒரு பக்கம் திறந்த வங்கக் கடல். மறுபக்கம் குன்றுகளும் காடும் வளைத்து நிற்கும் உட்துறைமுகம். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு தரைத்துண்டு, அதன் மேல் ஊர். ஓர் இடத்தில் அலை அடிக்கும் கரையிலிருந்து, அலையே இல்லாத கரைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எதற்காக இந்தச் சின்ன இடத்துக்கு அடிபட்டார்கள் என்பது அப்படி நடக்கும்போதுதான் விளங்கும்.

கீழே சொல்லும் வழி ரயில் நிலையத்தில் தொடங்கி, ரயில் நிலையத்திலேயே முடிகிறது. சுமார் பத்துப் பதினொரு கிலோமீற்றர் வரும். ஏற்றம் இரண்டே இடத்தில்தான்: கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை, உவர்மலை. மற்றதெல்லாம் சமதரை. தூரம் பெரிதில்லை, வெயில்தான் பெரிது. அதனால் காலையில் ஒரு பாதி, பின்னேரம் ஒரு பாதி என்று பிரித்து நடப்பதுதான் புத்தி.

வர முன்

கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் இரவு மெயில் வண்டி விடியற்காலையில் திருகோணமலையில் இறக்கிவிடும். இந்த நடைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வண்டி நேரம் மாறுவது உண்டு, முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வருபவர்கள் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம், அல்லது வட்டத்தை நடுவிலிருந்து தொடங்கலாம். வட்டம்தானே, எங்கே ஏறினாலும் சரி.

காலம்: ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பர், டிசம்பரில் மழை ஊற்றும், கடலும் கலங்கிக் கிடக்கும். மாசி, பங்குனி நடக்க அருமையான மாதங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கடல் கண்ணாடி போலக் கிடக்கும், ஆனால் கச்சான் காற்று மேற்கிலிருந்து நெருப்பாக வீசும். அந்த மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு தெருவில் நாய்கூட நடக்காது.

உடுப்பு: கோயிலுக்குள் போகப்போகிறீர்கள், ஆகவே முழங்கால் மறைய ஏதாவது அணியுங்கள். சறம், வேட்டி, நீளக் காற்சட்டை, சேலை, சுடிதார் எதுவும் சரி. காலுக்கு வார்ச் செருப்பு போதும். மணலில் நடக்கவேண்டும், கோயிலில் கழற்றவேண்டும், சப்பாத்து இரண்டுக்கும் தொல்லை. தொப்பி அல்லது குடை, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை. அட்டையை யாரும் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டு வராதீர்கள், போகும் வழியில் இராணுவமும் கடற்படையும் இருக்கிற இடங்கள் உண்டு.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு

ஸ்டேஷன் வாசலில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, கிழக்குப் பக்கமாகக் கடற்கரைக்கு இறங்குங்கள். வழி தெரியாவிட்டால் "திருக்கடலூர் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும். வந்து சேரும் கடலுக்கு பேக் பே என்று பெயர். நேரே எதிரே, குடாவுக்கு அப்பால், கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மலை தெரியும். அதுதான் சுவாமிமலை. சூரியன் அதன் பக்கமாகத்தான் எழும்பும். பங்குனி, புரட்டாதியில் கிட்டத்தட்ட அதற்கு நேர் பின்னால், ஆனி மாதத்தில் அதற்கு இடப்பக்கம் கடலிலிருந்தே.

திருக்கடலூரும் வீரநகரும் மீன்பிடிக் கிராமங்கள். உங்களுக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது வேலைத்தளம், வீட்டு முற்றமும் அதுதான். படகுக்கு நடுவே போகாமல் ஓரமாக நடங்கள். வலை விரித்துக் கிடந்தால் சுற்றிப் போங்கள், மிதித்துப் போகாதீர்கள். ஆட்களைப் படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். படகு ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டு போய், மறு கயிற்றோடு தள்ளி வேறோர் இடத்தில் கரை ஏறும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரித்தான் இருக்கும். கயிறு அங்குலம் அங்குலமாக வரும், கடைசி ஆள் சுருட்டி வைத்துவிட்டு முன்னால் ஓடி மறுபடி பிடிப்பார். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது காகங்களும் நாய்களும் உங்களுக்கு முன்பே வந்துவிடும். சூடை, நெத்தலி, கீரி, நடுவில் ஒன்றிரண்டு பாரை. சில நாளில் மடி முழுக்கச் சொறி என்ற ஜெலிமீன்தான். நாட்டின் பல கரைகளில் இந்த இழுவைக்கு இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி வந்துவிட்டது, அது நல்லதா கெட்டதா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கையால் இழுப்பதைக் கண்டால் நின்று பாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி ஏறி வந்த கரைகளில் இதுவும் ஒன்று. இங்கே வயதானவர்களோடு கதைத்தால் அந்தக் கதை தானாக வரும். நீங்களாகக் கிளறவேண்டாம்.

கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால் டைக் வீதி வரும். பழைய வீடுகள், சின்ன விடுதிகள், மதிலுக்கு அப்பால் உடனே மணல். இடையிடையே கரை ஒடுங்கும் இடத்தில் வீதிக்கு ஏறிக் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு மறுபடி இறங்கலாம். காலைச் சாப்பாட்டை இந்தப் பகுதியிலோ கொஞ்சம் உள்ளே பிரதான வீதியிலோ முடித்துக்கொள்ளுங்கள். இடியப்பம், சொதி, சம்பல் கிடைத்தால் வேறொன்றும் கேட்கவேண்டாம்.

கோட்டையும் சுவாமிமலையும்

டைக் வீதி முடிகிற பக்கத்தில் பிரெட்ரிக் கோட்டை வாசல். உள்ளே இராணுவம் இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகும் வீதி எல்லாருக்கும் திறந்தது. காவலில் நிற்பவரையும் முகாமையும் படம் எடுக்காமல் போனால் ஒரு கரைச்சலும் இல்லை.

வாசலில் உடனே உள்ளே போய்விடாமல் நின்று கல்லைப் பாருங்கள். இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று இருக்கிறது, அது பாண்டியர் சின்னம். அதோடு ஒரு தமிழ்க் கல்வெட்டின் உடைந்த வரிகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து குலைப்பான் என்று தொடங்கும் பாட்டு அது. கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தார்கள். இடித்த கல்லையே எடுத்துக் கோட்டையும் கட்டினார்கள். ஆக, கோயிலுக்குப் போகிற நீங்கள் முதலில் நுழைவதே பழைய கோயிலின் கற்களுக்குள்ளால்தான்.

அப்புறம் கோட்டை கைமாறிய கதை. 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 இல் மட்டும் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயர் பிடித்து, பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்தார்கள். திரும்ப ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795 இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. இன்றைய பெயர் 1803 இல் வைத்தது. 1800 ஆம் ஆண்டு முடிவில் படையோடு வந்து இங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி என்ற தளபதிதான், 1815 இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு. அவர் இருந்த வீடு என்று ஒன்றை உள்ளே காட்டுவார்கள்.

வாசலிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீற்றர் அளவில் மெல்லிய ஏற்றம். ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள், ஏறவேண்டாம். இந்த நாளின் நல்ல நிழல் இங்கேதான் இருக்கிறது. பெரிய ஆல், வேம்பு, புளி, சரிவுகளில் பற்றைக்காடு. அதற்குள் புள்ளிமான்கள். கோட்டைக்குள் மட்டும் இல்லை, பொழுதுபட்டால் பஸ் நிலையத்தடிக்கே வந்து படுக்கும் மான்கள் இவை. கிட்டப் போனாலும் ஓடாது. அதனால்தான் சொல்கிறேன், பிஸ்கட், பழத்தோல் ஒன்றும் கொடுக்காதீர்கள். பையோடு சேர்த்து விழுங்கிவிடும். பொலித்தீன் வயிற்றில் அடைத்துச் செத்த மான்கள் இந்த ஊரில் உண்டு. கிடா மானுக்குக் கொம்பு முற்றியிருக்கும் காலத்தில் பிள்ளைகளைக் கிட்ட விடவும் வேண்டாம். குரங்கு வேறு கதை. அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்கள் வாழைப்பழத்தைக் கையால் மூடிக்கொண்டு போங்கள்.

கோயிலுக்குக் கிட்ட வரும்போது வீதியின் இரு பக்கமும் கடைகள். செருப்பை வைக்க இடம் இருக்கிறது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம். மத்தியானப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடும், அதனாலும் காலையில் வருவது நல்லது. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வந்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும், வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்து வாசலில் காத்திருப்பார்கள்.

சம்பந்தர் பாடிய தலம் இது. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் கட்டடம் புதிது. 1950 இல் கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் கிணறு வெட்டியபோது பழைய வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. புதுக் கோயிலுக்கு 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது. நடுவில் 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, கடலுக்கு அடியில் விழுந்து கிடக்கும் கோயில் தூண்களைக் கண்டார்கள். மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் அவ்வளவு தெளிவாகத்தான் இருக்கும்.

கும்பிட்டு முடிந்ததும் கோயிலைச் சுற்றி கடல் பக்கமாகப் போங்கள். இராவணன் வெட்டு அங்கே. பாறை மேலிருந்து அடிவரை பிளந்து நிற்கிறது, அலை அதற்குள் புகுந்து வெளியே வரும். பிள்ளைவரம் வேண்டிச் சின்னத் தொட்டில்களை மரத்தில் கட்டியிருப்பார்கள், அதை அவிழ்த்துப் பார்ப்பது, தள்ளி ஆட்டுவது வேண்டாம். பங்குனியிலிருந்து ஆவணி வரையான மாதங்களில் இந்த விளிம்பில் நின்றே திமிங்கிலம் கண்டவர்கள் உண்டு. ஆழ்கடல் கரைக்கு அவ்வளவு கிட்ட வருகிறது. வெயில் ஏற முன் வடகிழக்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள், வெள்ளைப் புகை மாதிரி ஒரு பீச்சல் தெரிந்தால் அதுதான். கம்பி வேலிக்கு வெளியே கால் வைக்கவேண்டாம், பாறை வழுக்கும்.

தெற்கே தூரத்தில் நீலக்கோடாகத் தெரிவது கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் விழுவது அங்கேதான். 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் அந்தக் கரையில்தான்.

காளிகோயிலடி, டச்பே

வந்த வழியே இறங்கிக் கோட்டையை விட்டு வெளியே வாருங்கள். விளையாட்டு மைதானமும் பத்திரகாளி அம்பாள் கோயிலும் கிட்டக் கிட்ட. காளிகோயில் கோபுரத்தையும் உள்மண்டபக் கூரையையும் ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள், நிறத்துக்குக் குறைவே இல்லை. அந்தப் பக்கத்திலேயே எஸ்பிளனேட்டில் ஒரு பழைய ஆங்கிலேய மயானம். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியரின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதியாக இருந்து 1852 இல் பர்மாவில் இறந்தார், அடக்கியது இங்கே. இலக்கியப் பைத்தியம் இருப்பவர்களுக்கு இது ஒரு கால் மணி நேரம், மற்றவர்கள் நேரே கடற்கரைக்குப் போகலாம்.

டச்பே கடற்கரை ஊர்ச்சனத்தின் கடற்கரை. பின்னேரங்களில் குடும்பம் குடும்பமாக வந்து இருப்பார்கள், கச்சான் கடலை, வடை, ஐஸ்கிறீம் எல்லாம் வரும். காலையில் வெறிச்சென்று கிடக்கும். குளிப்பதானால் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள், உள்ளிழுப்பு உண்டு. கோட்டைக்குக் கிட்டக் காந்தி சிலை நிற்கும் கரையில்தான் 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இங்கே விளக்கேற்றுகிறார்கள். சுற்றுலாப் புத்தகங்கள் சொல்லமாட்டா, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

கரையோரமாகத் தெற்கே போகும் டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளரின் மாளிகை இருக்கிறது, இப்போது கடற்படை அருங்காட்சியகம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, உள்ளே நல்ல குளிர்ச்சி. அதற்கு அப்பால் கடற்படைத் தளம், அங்கே திரும்பவேண்டியதுதான்.

இந்த நேரத்துக்குப் பதினொரு மணி தாண்டியிருக்கும். பஸ் நிலையத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக்கடைகள் நிறைய. சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணி வரை எங்காவது நிழலில் இருங்கள். சிவன் கோயிலடிப் பக்கம் நடந்து தந்தை செல்வா சிலையையும் பார்த்துவிட்டு வரலாம். சிவன் கோயிலுக்குள் மத்தியானத்தில் போக முடியாது.

உட்துறைமுகம்

பின்னேரப் பாதி உட்துறைமுக வீதியில் தொடங்குகிறது. ஊரைக் குறுக்கே கடந்து இங்கே வந்ததும் கடல் வேறு கடலாகிவிடும். அலைச் சத்தம் நின்றுவிடும். தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், சுற்றிவரப் பச்சைக் குன்றுகள். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது. எந்தப் புயலிலும் கப்பல் பயமில்லாமல் நிற்கலாம். காலையில் பார்த்த கோட்டை எதைக் காவல் காத்தது என்பதற்கு இதுதான் பதில்.

ஜெட்டிப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். மூதூருக்குப் போகிறவர்கள் வள்ளத்தை நம்பியிருந்த காலம் நீண்ட காலம். 2009 இல் கிண்ணியாப் பாலமும், அதை ஒட்டி மற்றப் பாலங்களும் வந்த பிறகு ஆட்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். தண்ணீருக்கு அப்பால், சீனக்குடாப் பக்கம், கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் தெரியும். அதற்குப் பின்னால் காட்டுக்குள் மறைந்து நிற்பவைதான் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டது இந்தத் துறைமுகத்துக்கும் அந்தக் குதங்களுக்கும். கடற்படைக் கப்பல்கள் நிற்கும் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம்.

உவர்மலை, முடிவு

வீதியை விடாமல் மேற்கே நடந்தால் உவர்மலை ஏற்றம் வரும். ஆங்கிலத்தில் கேட்கவேண்டி வந்தால் ஓர்ஸ்ஹில். மாகாண அலுவலகங்கள், வீடுகள், அவற்றுக்கு மேலால் மரங்கள். இரண்டு வழி உண்டு. நேரே ஏறி மறுபக்கம் இறங்கலாம், அல்லது தண்ணீர்ப் பக்கமாகப் போகும் லோவர் வீதியைப் பிடிக்கலாம். நான் லோவர் வீதிக்காரன். மரங்களுக்கு இடையால் துறைமுகம் விட்டு விட்டுத் தெரியும், வாகனமும் குறைவு. பாதி வழியில் களைத்தால் அந்த வீதியில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். கடையில் குடிப்பதைவிட விலை கூடத்தான்.

ஐந்தரை மணிக்கு முன் இங்கே வந்துவிடுங்கள். சூரியன் சீனக்குடாப் பக்கத்துக் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கும், தண்ணீர் செம்பு நிறமாகும். காலையில் ஒரு கடலில் எழும்பியது பின்னேரம் மற்றக் கடலில் இறங்குவதை ஒரே ஊரில் பார்ப்பதற்காகத்தான் வட்டத்தை இந்தப் பக்கமாகச் சுற்றச் சொன்னேன். மறுபக்கமாகச் சுற்றினால் இந்த இரண்டு காட்சியும் கிடைக்காது.

இறங்கி வடகிழக்காக ஊருக்குள் வந்தால் ஸ்டேஷன். இரவு வண்டி பிடிக்கிறவர்கள் உவர்மலையிலேயே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொழுது பட்டபின் சில ஒழுங்கைகளில் விளக்குக் குறைவு, நாய்களும் கூட்டமாக நிற்கும். இருட்டிவிட்டால் யோசிக்காமல் ஆட்டோ பிடியுங்கள், ஏற முன் காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாம், ஏழு கிணறும் வெவ்வேறு சூடு. நிலாவெளி வீதியில் உப்புவெளிக்கு அப்பால் இரண்டாம் உலகப் போர் மயானம். இரண்டும் நடக்கிற தூரமில்லை, பஸ் இருக்கிறது.